கேவலாதேவ்: எருமையை வெளியே அனுப்பியது சரிதானா?

#1 · ஆள்காட்டி

வணக்கம் நண்பர்களே. ராஜஸ்தானில் இருக்கும் பரத்பூர் போய்வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். படம் போடுவதற்குத் தனி இழை இருப்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு சந்தேகம், அதைக் கேட்கத்தான் இது.

அங்கே இருக்கும் கேவலாதேவ் தேசியப் பூங்கா மொத்தமே 29 சதுர கிலோமீட்டர்தான். சுற்றிலும் மதில். உள்ளே கரை போட்டுப் பிரித்த பிளாக்குகள். மழைக்காலத்தில் தண்ணீர் விட்டால் சதுப்பு, கோடையில் பெரும்பகுதி காய்ந்த புல்தரை. நான் போனது ஜனவரியில். நடுச்சாலையின் இருபுறமும் தண்ணீர் திறந்து கிடந்த இடங்களில் ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நாமக்கோழி என்று ஒரே கூட்டம். கொஞ்சம் உள்ளே தள்ளி இன்னொரு பிளாக். அங்கேயும் தண்ணீர் இருந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. கரையிலிருந்து கரைவரை புல் மூடியிருந்தது. ஓர் இலைக்கோழி அதன்மேல் நனையாமல் நடந்துபோனது. இரண்டு நீலத் தாழைக்கோழிகள் தண்டைப் பிடுங்கிக் காலில் பிடித்துக்கொண்டு கடித்துக்கொண்டிருந்தன. வேறு ஒன்றும் இல்லை. ஒரு வாத்துகூட இல்லை.

ரிக்‌ஷா ஓட்டிவந்த சர்தார்ஜி பெரியவர், "முன்னாடி இதையெல்லாம் எருமை தின்னுடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மரத்தில் ஆந்தையைக் காட்டப் போய்விட்டார்.

1982-ல் தேசியப் பூங்கா ஆனபோது மேய்ச்சலைத் தடை செய்தார்கள் என்று படித்திருக்கிறேன். இந்தப் புல் அதனால் வந்ததுதானா? அப்படியானால் நாற்பது வருடமாக ஏன் யாரும் எருமையைத் திரும்ப விடவில்லை?

#2 · கரிக்கிலிவாசி

ஆள்காட்டி, சர்தார்ஜி சொன்னதில் முக்கால்வாசி சரி. மிச்சக் கால்வாசிக்குத்தான் இந்த இழை நீளப்போகிறது.

நீங்கள் பார்த்த புல் பாஸ்பாலம் டிஸ்டிகம். நம்ம வரகின் பேரினம்தான், ஆனால் தானியத்துக்கு உதவாது. தரையோடு ஓடும் தண்டு, கணுவுக்குக் கணு வேர். தண்ணீர் ஏற ஏறத் தண்டும் நீண்டு மேலே வந்து பின்னிக்கொள்ளும். பின்னிவிட்டால் வெயில் உள்ளே இறங்காது, அடியில் இருக்கும் நீர்த்தாவரம் நலிந்துபோகும். மட்கும் புல் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால் மீன்குஞ்சு பாடு திண்டாட்டம். வாத்துக்கு வந்து இறங்க இடம் கிடையாது, நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் முங்க இடம் கிடையாது. இலைக்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் மட்டும் கொண்டாட்டம். நீங்கள் கண்டது அப்படியே அதுதான்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980 தொடங்கிப் பத்தாண்டு அங்கே உட்கார்ந்து ஆய்வு செய்தது. நடத்தியவர் வி.எஸ். விஜயன், பின்னாளில் கோவை ஆனைகட்டியில் சலீம் அலி மையத்தின் முதல் இயக்குநராக இருந்தவர். தேதிகளைக் கவனியுங்கள். ஆய்வு தொடங்கியது 1980. மேய்ச்சல் நின்றது 1982 நவம்பர். எருமை இருந்த காலத்தையும் இல்லாத காலத்தையும் ஒரே குழு ஒரே இடத்தில் அளந்து பார்த்தது. திட்டம் போட்டுக்கூட இப்படி ஒரு சோதனையை யாராலும் வைக்க முடியாது. முடிவு: எருமை போனதும் பாஸ்பாலம் தலைதூக்கியது, திறந்த நீர் சுருங்கியது, அதோடு நீர்ப்பறவையும் குறைந்தது. அளவோடு எருமையை விடலாம் என்றுதான் ஆய்வு சொன்னது.

மேய்ச்சல் கூடாது என்று முதலில் சொன்னவர்களில் சலீம் அலியும் உண்டு. அவர் உயிராகப் போற்றிய கழகத்தின் ஆய்வே கடைசியில் நேர்மாறாக எழுதியது. அந்த நேர்மைக்காகவே எனக்கு அந்த ஆய்வின்மேல் தனி மரியாதை.

இன்னொன்று. கேவலாதேவைக் காடு என்று நினைத்துக்கொண்டால் எதுவும் புரியாது. 18-ஆம் நூற்றாண்டில் பரத்பூர் ராஜா சூரஜ்மல் அஜான் அணையைக் கட்டினார். அதிலிருந்து வந்த தண்ணீர் ஒரு பள்ளத்தில் தேங்கியது. பிறகு வந்த ராஜாக்கள் வாத்து வேட்டைக்காகவே கரையும் மதகும் வைத்து அதைப் பெரிதாக்கினார்கள். கோயில் பக்கத்தில் கல்லில் வெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: 1938 நவம்பர் 12, வைஸ்ராய் லின்லித்கோ பிரபு வந்த ஒரே நாளில் 4,273 பறவைகள். வேட்டைக்குத் தண்ணீர் திறந்து கிடக்க வேண்டும். திறந்து வைத்தது எருமை. இந்த இடமே மனுஷனும் மாடும் சேர்ந்து உண்டாக்கியது.

#3 · கால்நடை டாக்டர்

நான் பறவை ஆள் இல்லை. பெயரிலேயே தெரியும், மாட்டு வைத்தியன். மகளுக்காக இங்கே எட்டிப்பார்ப்பவன். எருமை என்றதும் சும்மா இருக்க முடியவில்லை.

பசுவுக்கும் எருமைக்கும் மேல்வரிசையில் முன்பல் கிடையாது. நாக்கால் வளைத்துப் பிடித்து, கீழ்ப்பல்லுக்கும் மேலே இருக்கும் தடித்த ஈறுக்கும் நடுவில் வைத்து இழுத்து அறுக்கும். அதனால் ஆடு மாதிரி ஒட்ட மேயாது. அங்கங்கே குத்துக்குத்தாக விட்டுவிட்டுத்தான் போகும். இதுவரை இரண்டும் ஒன்று. வித்தியாசம் தண்ணீரில். எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு, வெயில் ஏறினால் தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டும். இறங்கினால் சும்மா படுக்காது. வயிறளவு தண்ணீரில் நின்று மேயும், முகத்தை உள்ளே விட்டும் தண்டை இழுக்கும். முரட்டு நார்ப்புல்லைப் பசுவைவிட நன்றாகச் செரிக்கும். நீங்கள் சொன்ன புல் இளசாக இருக்கும்போது அதற்கு விருந்து.

அப்புறம் மேய்வது மட்டும் இல்லை. ஒரே இடத்தில் தினமும் புரண்டால் அங்கே குழி விழும். கோடையில் ஏரி வற்றும்போது கடைசித் தண்ணீர் நிற்பது அந்த மாதிரிக் குழிகளில்தான். எங்கள் பக்கத்து ஏரிகளில் கொக்கும் நாரையும் கடைசியில் எங்கே நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். சாணிக்கு வரும் பூச்சி, பூச்சிக்கு வரும் மீன், மேய்கிற மாட்டின் காலடியிலேயே திரியும் உண்ணிக்கொக்கு, இதெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

#4 · நத்தைகுத்தி

டாக்டர் சார் அழகாகச் சொல்கிறார், ஆனால் பேச்சு தடம் மாறுகிறது. பரத்பூரின் முதல் பிரச்சினை தண்ணீர். இரண்டாவது பிரச்சினையும் தண்ணீர். எருமை நாலாவதோ ஐந்தாவதோ.

ஒரு நல்ல பருவத்துக்கு அந்தப் பூங்காவுக்குச் சுமார் 550 மில்லியன் கன அடி தேவை. நம் கணக்கில் சொன்னால் செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645. அதில் ஏழில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே. பெரிய தொகை இல்லை. ஆனால் கம்பீர் ஆற்றின் மேல்பகுதியில், கரௌலி மாவட்டத்தில் பாஞ்சனா அணை வந்தபிறகு அதுவும் தகராறு ஆனது. 2004-ல் மழை பொய்த்தபோது அங்கே விவசாயிகள் தண்ணீர் விடக்கூடாது என்று நின்றார்கள், பூங்கா காய்ந்தது. மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டாத வருடங்கள் உண்டு. கருவேல மரம் நின்றது, மரத்தடியில் தண்ணீர் இல்லை. எந்த நாரை வரும்?

பிறகு கோவர்தன் வடிகாலிலிருந்து தண்ணீர், சம்பலிலிருந்து குழாயில் தண்ணீர் என்று ஏற்பாடு செய்தார்கள். சரி, நல்லதுதான். ஆனால் ஆற்று வெள்ளம் வந்தால் கூடவே மீன்குஞ்சும் நத்தையும் விதையும் வரும். குழாய்த் தண்ணீரில் அது வராது. கூட்டில் இருக்கும் நாலு குஞ்சுக்கு நாரை எதை ஊட்டும்?

எருமையை நாளைக்கே விட்டாலும் இது எதுவும் தீராது.

#5 · கரிக்கிலிவாசி

தீராதுதான். ஆனால் நத்தைகுத்தி, இரண்டும் ஒன்றோடொன்று பின்னியது. ஆழமாகத் தண்ணீர் நிற்கும் வருடங்களில் பாஸ்பாலம் கொஞ்சம் அடங்கியிருக்கும். அரைகுறையாக நனைந்து சீக்கிரம் வற்றினால் அதற்கு அதைவிடத் தோதான நிலம் கிடையாது. தண்ணீர் குறைந்ததால்தான் புல்லின் தொல்லை இரட்டிப்பானது. நீங்கள் உங்கள் கட்சிக்குச் சொன்ன காரணம் என் கட்சிக்கும் உதவுகிறது!

#6 · ஃபென்ஸ் பக்கம்

கேம்பிரிட்ஜ்ஷயரிலிருந்து எழுதுகிறேன். வேலைக்காக இங்கே வந்து வெகுகாலம் ஆகிறது, சனி ஞாயிறு ஊஸ் வாஷஸ் பக்கம் போவது வழக்கம். உங்கள் விவாதத்தைப் படிக்கையில் ஒரே ஆச்சரியம், ஏனென்றால் இங்கே கதை தலைகீழ்.

ஊஸ் வாஷஸும் செயற்கைதான். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் வெர்முய்டன் சதுப்பை வடிக்க இரண்டு நேரான கால்வாய்களை வெட்டினார். நடுவில் 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஒரு பட்டையை வெள்ளம் தேங்குவதற்காக விட்டுவைத்தார். குளிர்காலத்தில் ஏரி, கோடையில் புல்வெளி. பரத்பூர் மாதிரியே, பருவம்தான் மாறுகிறது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வூப்பர் அன்னம், பியூவிக் அன்னம், பல்லாயிரம் வாத்து. வசந்தத்தில் ஆள்காட்டி, ரெட்ஷாங்க், உள்ளான் எல்லாம் அந்தப் புல்லிலேயே தரையில் முட்டையிடும்.

இங்கே பறவை அமைப்புகள் மாட்டை வெளியேற்றுவதில்லை, கூப்பிட்டு வரவழைக்கின்றன. பக்கத்துப் பண்ணைக்காரர்களோடு ஒப்பந்தம்: எத்தனை மாடு, எந்த வயலில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை. எண்ணிக்கை கூடினால் முட்டையை மிதித்துவிடும். குறைந்தால் புல் வளர்ந்து அடுத்த வருடம் ஆள்காட்டி அந்த வயலுக்கே வராது. ஆள்காட்டிக்குக் கட்டைப்புல் வேண்டும், நாலா பக்கமும் எதிரி வருவது தெரிய வேண்டும். ரெட்ஷாங்குக்குப் பக்கத்தில் ஒரு குத்துப்புல் வேண்டும், தலைக்குமேல் வளைத்துக் கூடாரம் போட்டுக்கொள்ளும். உள்ளானுக்கு மூக்கை விட்டுத் துழாவ மண் நெகிழ்ந்திருக்க வேண்டும். மூன்றும் ஒரே வயலில் அமைய வேண்டுமென்றால் ஆட்டைவிட மாடு நல்லது. டாக்டர் சார் சொன்ன நாக்கு விஷயம்தான் காரணம். மாடு மேய்ந்த தரை ஒரே மட்டமாக இருக்காது.

இங்கும் தண்ணீர்த் தொல்லை உண்டு, அது வேறு தினுசு. மாசி பங்குனியோடு வடிய வேண்டிய வெள்ளம் இப்போது சித்திரை வைகாசியிலும் வந்துவிடுகிறது, கூடெல்லாம் முங்குகிறது. கருவால் மூக்கன் இங்கே 1952-ல் மறுபடி கூடு கட்டத் தொடங்கிய பறவை. இப்போது நாட்டிலேயே ஒருசில டஜன் ஜோடிதான். பக்கத்து நீன் வாஷஸில் முட்டையை எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சு பறக்கும் வயதானதும் விடும் வேலையை 2017-ல் ஆரம்பித்தார்கள்.

#7 · நத்தைகுத்தி

இங்கிலாந்தோடு ஒப்பிடாதீர்கள். அங்கே ஒரு பண்ணைக்காரரிடம் ஒப்பந்தம் போட்டால் அவர் மாடு மட்டும்தான் வரும். பரத்பூரைச் சுற்றி எத்தனை ஊர், எத்தனை வீடு, வீட்டுக்கு எத்தனை எருமை! நூறு என்று திறந்துவிட்டால் ஆயிரம் வரும். நம் ஊர் ரேஞ்சர் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

#8 · வெட்டிவேர்

ஆயிரம் வரும் என்று பயப்படுவதற்கு முன்னால் அந்த ஆயிரத்தை எப்படி நிறுத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், நத்தைகுத்தி அண்ணா.

1982 நவம்பரில் திடீரென்று வாசலை மூடினார்கள். தலைமுறை தலைமுறையாக ஓட்டிவந்த மந்தை. மாற்று மேய்ச்சல் நிலம் எதுவும் காட்டவில்லை. ஊர்க்காரர்கள் எருமையோடு வந்து நின்றார்கள், போலீஸ் சுட்டது, சில பேர் செத்தார்கள். பறவைகளுக்கான ஒரு பூங்காவின் முதல் வருடம் இப்படித்தான் தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் வந்த ஆய்வு, அந்த மந்தை இருந்திருந்தால் பறவைக்கு நல்லது என்கிறது. செத்தவர்கள் வீட்டில் இதை யார் போய்ச் சொல்வது?

பிறகு புல்லைக் கையால் அறுத்துக்கொண்டு போகலாம் என்று அனுமதித்தார்கள். பெண்கள் அரிவாளோடு உள்ளே போய்த் தலைச்சுமையாகக் கட்டிக்கொண்டு வருவார்கள். உலர்நிலப் பகுதியில் வெட்டிவேரும் நிறைய உண்டு (என் பெயருக்கு அதுதான் காரணம் என்று நினைக்க வேண்டாம், அது கூந்தல் தைலம் சம்பந்தப்பட்ட கதை). ஆனால் அரிவாள் போகும் இடம் காய்ந்த தரை. இடுப்பளவு தண்ணீரில் நின்று பின்னிக்கிடக்கும் தண்டை யார் அறுப்பது? அந்த வேலைக்குப் பூங்கா புல்டோசர் இறக்கிப் பார்த்தது, தீ வைத்தும் பார்த்தது. கணுவுக்குக் கணு வேர்விடும் புல்லைத் துண்டு துண்டாக்கினால் என்ன ஆகும் என்று வயலில் அருகம்புல்லோடு மல்லுக்கட்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எருமை இதைச் சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருந்தது, கூடவே பாலும் கொடுத்தது.

#9 · கிளுவை

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். சைபீரியக் கொக்கு பரத்பூருக்கு வருவது நின்றதும் இதனால்தானா? ஒரு யூடியூப் காணொளியில் அப்படிச் சொன்னார்கள்.

#10 · கரிக்கிலிவாசி

கிளுவை, அதை அப்படியே நம்ப வேண்டாம். 1964-65 குளிர்காலத்தில் அங்கே 200 சைபீரியக் கொக்குகள் இருந்தன. எருமை வெளியேறுவதற்கு முன்பே அதில் பெரும்பங்கு போய்விட்டது. மேற்கு சைபீரியாவில் ஓப் ஆற்றுப் படுகையிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வர வேண்டும், வழியெங்கும் வேட்டை. இளம் கொக்கு பெற்றோரோடு பறந்துதான் வழி கற்கும். சில வருடம் பெரியவை சாகத் தொடங்கினால் வழி தெரிந்த பறவையே இல்லாமல் போகும். 2001-02 குளிர்காலத்தில் ஒரு ஜோடி வந்தது. அதுதான் கடைசி. சீனாவின் போயாங் ஏரிக்குப் போகும் கிழக்குக் கூட்டம் இன்னமும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அதற்கு வழி வேறு.

ஆனால் புல்லுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பரத்பூரில் அந்தக் கொக்கு முக்கியமாகத் தின்றது கோரைக்கிழங்கு. முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்று, தலையை முழுக்க உள்ளே விட்டு, சேற்றைக் கிளறி எடுக்கும். பாஸ்பாலம் பின்னிய இடத்தில் கோரையும் குறையும், இருக்கும் கிழங்கையும் எட்ட முடியாது. உயிரோடு வந்து சேர்ந்த சில பறவைகளுக்கு இரையும் கஷ்டமானது. முழுக் காரணம் இது இல்லை, இதுவும் சேர்ந்துகொண்டது.

சாரஸ் கொக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அதுவும் மதிலுக்கு வெளியே நெல்வயலில் அதிகம் தெரிகிறது என்று போய்வருகிறவர்கள் சொல்கிறார்கள்.

#11 · ஆள்காட்டி

வெளியே வயலில் நானும் பார்த்தேன். ஒரு ஜோடி, நடுவில் பழுப்புத் தலையோடு போன பருவத்துக் குஞ்சு. பத்தடி தள்ளி ஓர் அம்மா களை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் நகர்ந்தால் அது இரண்டடி நகரும், அவ்வளவுதான்.

#12 · கோடியக்கரை மணல்

இதே கதை நம் ஊரிலும் ஓடுகிறது. கோடியக்கரையில் வெளிமான் திரியும் புல்வெளியைப் பாருங்கள். ஒருபக்கம் சீமைக்கருவேலம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. அதன் காயைத் தின்று விதையைச் சாணத்தில் பரப்புவது மாடும் மட்டக்குதிரையும். எனவே மேய்ச்சல் எங்கேயும் நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். ஈரப்புல்வெளி வேறு, உவர்மண் உலர்புல்வெளி வேறு. பரத்பூரிலும் சீமைக்கருவேலம் பெரிய தலைவலியாக இருந்தது. சுற்றுக்கிராமத்துக் குழுக்களை உள்ளே விட்டு, வேரோடு தோண்டி எடுத்து விறகை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அது நடந்தது. ஒரு பெரிய பரப்பு வெளியானது.

2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழ்நாட்டுக் காடு முழுவதிலும் மேய்ச்சல் கூடாது என்றது. பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. மலைமாடு வளர்ப்பவர்கள் பட்ட பாடு தெரிந்ததே. ஒரு சரணாலயத்தில் ஏரி இருக்கிறதா, மலை இருக்கிறதா, புல் இருக்கிறதா என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே உத்தரவு போட்டால் பரத்பூர்தான் மறுபடி நடக்கும்.

#13 · நத்தைகுத்தி

சீமைக்கருவேலம் நடந்தது, ஏனென்றால் விறகு ஒருமுறை எடுத்தால் முடிந்தது. எருமை தினமும் வரும். வித்தியாசம் அதுதான்.

#14 · வெட்டிவேர்

விறகு வெட்ட ஊர்க்குழுவை நம்ப முடிந்தது. யார் எந்தப் பக்கம் வெட்டுவது என்று குழுவே பிரித்துக்கொண்டது, மேற்பார்வை செய்தது. எருமைக்கும் அதே குழுவிடம் வாரமுறை கொடுக்கலாமே. இந்த வாரம் இந்த ஊர், இந்த பிளாக், இத்தனை எருமை. நம் ஏரிகளில் தண்ணீர் முறை வைப்பதில்லையா? முறை தவறினால் பக்கத்து ஊர்க்காரனே விடமாட்டான், ரேஞ்சர் வேண்டியதில்லை. கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரத்தில் நாரை கூடு கட்டினால் வெடி வெடிப்பதில்லை. எச்சத்தோடு சேர்ந்த குளத்து வண்டல் வயலுக்கு உரம் என்று ஊருக்குத் தெரியும். ஊருக்கு ஏதாவது கிடைத்தால் ஊர் காக்கும்.

#15 · கால்நடை டாக்டர்

அம்மா சொல்வது நடைமுறைக்கு ஒத்துவரும் யோசனை. ஆனால் வைத்தியனாக ஒரு நிபந்தனை. வெளி மந்தை உள்ளே போகுமுன் கோமாரித் தடுப்பூசி, குடற்புழு மருந்து கட்டாயம். சதுப்புப் புல்லில் மேய்ந்தால் நத்தை வழியாகத் தட்டைப்புழு வரும், ஈரல் கெட்டுப் பால் வற்றும். எருமை சொந்தக்காரருக்கு அது பெரிய நஷ்டம், பிறகு அவரே ஓட்டிவர மாட்டார். நத்தையைத் தின்ன நத்தைகுத்தி நாரை இருக்கிறதே என்று கேட்காதீர்கள், அது தின்பது பெரிய நத்தை. புழு வளர்வது சின்னஞ்சிறு நத்தைகளில்.

பருவமும் முக்கியம். ஆடியில் தண்ணீர் வந்ததும் புல் இளசாக ஓடும். மேய்ச்சல் அப்போது வேண்டும். ஐப்பசிக்குமேல் தண்டு முற்றிய பிறகு ஓட்டிவிட்டால் பாதியை மிதித்துவிட்டுப் போகும், வாத்து வந்து இறங்கும் நேரமும் அதுவே. ஃபென்ஸ் தம்பி சொன்ன மாதிரி தேதி வைத்துத்தான் செய்ய வேண்டும்.

#16 · ஃபென்ஸ் பக்கம்

டாக்டர் சார், ஆடி புரட்டாசியில் அங்கே மரத்தில் கூடு கட்டும் நாரைகளுக்குக் கீழே எருமை திரிந்தால் தொந்தரவு இருக்குமா? இங்கே தரைக்கூடு என்பதால் எனக்கு அந்த அனுபவம் இல்லை.

#17 · கரிக்கிலிவாசி

மரத்துக்கூட்டுக்குப் பெரிய தொந்தரவு இருக்காது. 1982-க்கு முன்பு அதே கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரையும் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் நிறையக் கூடு கட்டின, எருமையும் கீழே மேய்ந்தது. கவலைப்பட வேண்டியது சாரஸுக்கும் இலைக்கோழிக்கும்தான். சாரஸ் தண்ணீர் நடுவே புல்லைக் குவித்து மேடு கட்டி முட்டையிடும், இலைக்கோழி மிதக்கும் இலைமேல். அவை இருக்கும் பிளாக்கை அந்தப் பருவம் மூடி வைக்கலாம். பூங்கா ஏற்கெனவே கரைபோட்டுப் பிரித்திருப்பது இதற்கு ரொம்ப வசதி. ராஜா வாத்து சுடப் போட்ட கரை இப்போது எருமை முறைக்கு உதவும்.

என் கட்சியைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா பிளாக்கையும் திறக்க வேண்டாம். பாஸ்பாலம் மூடிய ஒரு பிளாக்கில் எருமை, பக்கத்தில் அதே அளவு பிளாக்கை அப்படியே விட்டுவிட வேண்டும். இரண்டிலும் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர். மூன்று பருவம் எண்ணிப் பார்த்தால் நத்தைகுத்தியும் நானும் இங்கே சண்டை போட வேண்டியதில்லை. இதற்குத் தடை அறிவியல் இல்லை, சட்டம். தேசியப் பூங்காவில் கால்நடை மேயக்கூடாது என்று வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. சரணாலயமாகவே விட்டிருந்தால் மேய்ச்சலை ஒழுங்குபடுத்த வழி இருந்திருக்கும். தேசியப் பூங்கா என்று உயர்த்தியதில் அந்த வழி அடைபட்டது. ஆள்காட்டி முதல் பதிவில் கேட்ட 'ஏன் யாரும் திரும்ப விடவில்லை'க்கு விடை இதுதான்.

#18 · நத்தைகுத்தி

ஒரு பிளாக், ஒப்பிட ஒரு பிளாக் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் "ஒரே மட்டத்துக்குத் தண்ணீர்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதில்தான் நான் இன்னும் நிற்கிறேன். கூடவே ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் கணக்கில் வையுங்கள். குஞ்சு மீனையெல்லாம் தின்று தீர்க்கிறது என்று பூங்காவே ஆயிரக்கணக்கில் பிடித்து அகற்றியிருக்கிறது. திறந்த நீர் கிடைத்தும் அதில் கெளுத்தி மட்டும் இருந்தால் பாம்புத்தாராவுக்கு என்ன லாபம்?

#19 · மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது, அப்படியே தொடரட்டும். உயர் நீதிமன்றத் தீர்ப்பு பற்றி மட்டும் எழுத விரும்புபவர்கள் 'சட்டமும் காடும்' பகுதிக்குப் போகவும். அரசியல் கட்சிப் பெயரோடு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

#20 · கிளுவை

எல்லோருக்கும் நன்றி, நிறையத் தெரிந்துகொண்டேன். கல்லூரியில் நாங்கள் கொஞ்சம் பேர் வரும் சீசனில் பரத்பூர் போகலாம் என்று இருக்கிறோம். எப்போது போனால் நல்லது? செலவு குறைவாக எப்படி?

#21 · ஆள்காட்டி

கிளுவை, கூடு பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபர். மரம் முழுக்க நாரைக்குஞ்சு, நாற்றத்துக்குத் தயாராகப் போங்கள். வாத்தும் வரித்தலை வாத்தும் கழுகும் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரி. ஆனால் ஜனவரியில் காலை பத்து மணிவரைகூட மூடுபனி நிற்கும், கம்பளி கட்டாயம். சென்னையிலிருந்து டெல்லி ரயிலில் ஆக்ராவில் இறங்கிவிடுங்கள். அங்கிருந்து பரத்பூர் ஐம்பது சொச்சம் கிலோமீட்டர், பஸ் நிறைய இருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் அந்த வருடம் தண்ணீர் வந்ததா என்று செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள், வராத வருடம் போய் ஏமாறாதீர்கள்.

உள்ளே வாடகைச் சைக்கிள்தான் மலிவு, நினைத்த இடத்தில் நிறுத்தலாம். ஆனால் முதல் நாள் அரைநாளாவது ரிக்‌ஷா எடுங்கள். அங்கே ஓட்டுபவர்கள் பலர் பறவை பார்க்கப் பழகியவர்கள், எந்த மரத்தில் ஆந்தை, எந்தக் கரையில் மலைப்பாம்பு என்று விரல்நுனியில் வைத்திருப்பார்கள். அடுத்த நாளிலிருந்து சைக்கிள்.

போனால் எனக்காக ஒரு வேலை. நடுச்சாலையில் நடக்கையில் எந்தெந்த பிளாக் புல் மூடிக் கிடக்கிறது, எது திறந்திருக்கிறது, ஒவ்வொன்றிலும் என்னென்ன பறவை என்று குறித்துக்கொண்டு வாருங்கள். கரிக்கிலிவாசியும் நத்தைகுத்தியும் அதை வைத்து அடுத்த சுற்றுச் சண்டையை ஆரம்பிக்கட்டும்.